பள்ளிப்பட்டு பஸ்ஸில் போன மாத்திரை

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். சென்னையில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு, விடுமுறையில் திருத்தணி வீட்டில் இருந்தேன். பார்மசி டிப்ளமோவில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. பத்து நாளுக்குள் சேர வேண்டும்.

"இன்னும் ஒரே வருசம்டா. பட்டத்த முடிச்சிட்டு அப்பால போயேன்" என்றார் நைனா. தறி நெய்பவர். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான்தான் என்று அதற்குள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் ஆசைதான். தினமும் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ஒரே பெட்டியில் அரட்டையடித்தபடி ரயிலில் போய்வந்த நண்பர்களை விடவும் மனமில்லை. தவிர, வேதியியல் படிக்கிறவனுக்கு மருந்தில் என்ன புதிதாக இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு வேறு.

அக்காவின் கணவர், என் பாவா, ஊரிலேயே மருந்துக் கடை வைத்திருந்தார். விடுமுறையில் கூடமாட நிற்பேன். கடிதம் வந்த சில நாளில் ஒரு காலை, அவர் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு அம்மா இடுப்பில் காய்ச்சல் குழந்தையோடு வந்து டாக்டர் சீட்டை நீட்டினார். பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் அவருக்கு. மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி, எத்தனை வேளை என்று மேலே எழுதிக் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் அதே மருந்தைக் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். டப்பாவை எடுத்தபோதுதான் உறைத்தது. குழந்தைக்கு நான் கொடுத்ததும் பெரியவர்களுக்கான இந்த மாத்திரையைத்தான். குழந்தைகளுக்கானது பக்கத்தில் பிரிக்காமலே இருந்தது.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். வண்டி போய்விட்டிருந்தது. திரும்பி வந்த பாவாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடையைப் பூட்டினார். அடுத்த பஸ்ஸில் இருவரும் போனோம். வழியெல்லாம் அந்தக் குழந்தையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

பள்ளிப்பட்டில் இறங்கி, அந்த அம்மா கடையில் பேச்சுவாக்கில் சொன்ன நெசவாளர் தெருவில் வீடு வீடாக விசாரித்தோம். ஒரு வாசலில் அந்த அம்மாவே எட்டிப் பார்த்தார்.

"மாத்திரை குடுத்துட்டீங்களா?" என்றேன்.

"இல்லப்பா. நீ சொன்னது மறந்துபோச்சி. எழுதினத படிக்க பெரிய பொண்ணு இஸ்கூல் வுட்டு வரட்டும்னு பாத்துகினு இருக்கேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவா, "எங்க தப்புமா, மாத்திக் குடுத்துட்டோம்" என்று உண்மையைச் சொல்லி, சரியான பொட்டலத்தை நீட்டினார். அந்த அம்மா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொட்டலத்தை வாங்கி என்னிடம் காட்டி, "நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. இது சரிதானே?" என்றார்.

மூன்று முறை படித்துப் பார்த்த பிறகே தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில், "பாவா, நான் பார்மசிக்கே போயிடறேன்" என்றேன்.

"ஆங். நைனாகிட்ட நான் பேசறேன்" என்றார்.

நைனா கேட்டுக்கொண்டார். ஆனால் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறு வருடம் ரயில் நண்பர்கள் கறுப்பு அங்கியில் எடுத்த பட்டமளிப்புப் படத்தைக் காட்டியபோது நெஞ்சு கனத்தது உண்மை. பிறகு அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் நின்றேன்.

பட்டம் வாங்காத குறை இன்றும் லேசாக இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும், பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம் என்று நினைக்கும்போது, அந்தக் குறை எங்கோ போய்விடுகிறது.