‘போறேன்’ என்றாள்

ஹனோய்க்கு இலையுதிர்காலம் பார்க்கப் போகிற வழியில் யாங்கோனில் ஒரு நாள் தங்கல். பசுந்தாங் என்னும் ஓடையோரப் பேட்டையில், தெருவோரத் தேநீர்க் கடை ஒன்றில், குட்டையான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்துவிட்டது. பாசி பிடித்த மாடிகளில் விளக்குத் திருவிழாவுக்கான காகிதக் கூண்டுகள் தொங்குகின்றன. ஓடைப் பக்கக் காற்று ஜில்லென்று இருக்கிறது.

“இங்கேயே இலையுதிர்காலம் நல்லாத்தான் இருக்கு அக்கா” என்கிறேன்.

கடை நடத்தும் தமிழ்ப் பெண்மணி செல்வி சிரிக்கிறார். தெருவுக்கே அவர் ‘தோ செல்வி’; ‘தோ’ என்பது பெண்களுக்குப் பர்மியத்தில் மரியாதை அடைமொழி. “இங்க எங்க தம்பி இலை உதிருது? மழை விடும், அவ்வளவுதான்.”

வாசலில் டாக்சி நிற்கிறது. அவர் மகள் பாங்காக்கில் வேலைக்குச் சேரப் புறப்படுகிறாள். பர்மிய மொழியிலேயே வளர்ந்தவள், அம்மாவுக்காகத் தமிழில் சொல்கிறாள்: “அம்மா, நான் போறேன்.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “போறேன்னு சொல்லக்கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லணும்.”

அவள் புரியாமல் அம்மாவைப் பார்க்கிறாள். செல்வி அதை அவளுக்குப் பர்மியத்தில் சொல்லவில்லை. தலையைத் தடவி ஏற்றிவிட்டு, கார்க் கதவைச் சாத்துகிறார். டாக்சி திருப்பத்தில் மறைகிறது.

“அவ சரியாத்தான் சொன்னா தம்பி. இந்த ராணுவ ஆட்சியில இங்க திரும்பி வந்துடாதன்னு நான்தான் அனுப்புறேன்.”

பேசாமல் தேநீரைக் குடித்திருக்கலாம். அதில் ஆடை படிந்துவிட்டது. செல்வி துடைத்த மேசையையே மறுபடியும் துடைக்கிறார். எழுந்து கிளம்புகிறேன். பழக்கதோஷம், தானாக வருகிறது: “வரேன் அக்கா.”

“நீங்க வாங்க” என்கிறார்.