மௌன விரதத்தன்று எனக்குக் கிடைத்த பதினொரு பேர்

போன வருடம் கார்த்திகை மாதம், எங்கள் கம்பஸ் பட்ச்சில் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் மிஞ்சியிருந்தவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி.

என் பெயர் சுகிர்தா. ஊர் களுதாவளை. அப்பாவுக்கு வெற்றிலைத் தோட்டம். நான் கம்பஸில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடத்தில் ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுக்கவேண்டும். இடத்தை நாங்களேதான் தேடிப் பிடிக்கவேண்டும். தை மாத முடிவுக்குள் கடிதம் கொண்டுவராவிட்டால், அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு சேர்ந்துதான் பயிற்சி. பட்டமும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

"படிக்கிற காலத்திலேயே துறையில இருக்கிற ஆட்களைப் பழக்கம் பிடியுங்கோ. மெயில் போட்டு மட்டும் ஒண்டும் நடக்காது" என்று எங்கள் விரிவுரையாளர் சேர் முதல் வருடமே சொன்னார். நான் அதைக் கொப்பியில் எழுதிக் கீழே கோடும் போட்டேன். அதோடு சரி.

உள்ளதைச் சொல்கிறேன். வீட்டில் எனக்கு வாய் காது வரைக்கும். வெளியாட்கள் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை ஏற்றுமதி நிறுவனத்துப் பெரியவர் ஒருவர் விரிவுரைக்கு வந்தார். அவரிடம் என்ன கேட்பது என்று வீட்டிலிருந்து கம்பஸ் இருக்கிற வந்தாறுமூலை வரைக்கும் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனேன். கிட்டப் போனதும் வாயில் வந்தது, "சேர், தண்ணி வேணுமா?" அவரும் ஓம் என்றார். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வந்து இருந்துவிட்டேன். என் தோழி பஸ்மினா, காத்தான்குடிப் பிள்ளை, அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தாள்.

முப்பத்திரண்டு பேருக்கு மெயில் போட்டேன். பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதம். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. காலையில் எழும்பினதும் போனைப் பார்ப்பதும், பார்த்துவிட்டு அழுவதும்தான் வேலை. அப்படி ஒரு நாள் அப்பா தோட்டத்தால் வந்து, "எனக்குத் தெரிஞ்ச ஆக்களிட்ட ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டா மகள்?" என்றார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். நான் வெடுக்கென்று, "உங்களுக்குத் தெரிஞ்சது வெத்திலை யாவாரிகள்தானே அப்பா. அவங்களுக்கு என்ன தெரியும், உங்களுக்குத்தான் என்ன தெரியும்?" என்றேன்.  அப்பா கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம்தான் பிள்ளையார் பெருங்கதை வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் இருபத்தொரு நாளும் கதை படிப்பார்கள். இருபத்தோரிழைக் காப்பைக் கையில் கட்டிக்கொண்டு, ஒருநேரச் சாப்பாட்டோடு பிடிக்கிற விரதம். அம்மா வருடா வருடம் பிடிப்பவர். நான் அந்த வருடம்தான் முதல் தடவையாகக் காப்புக் கட்டினேன். கட்டும்போது, "பிள்ளையாரே, எனக்குப் பேசுகிற வாயைத் தா. நாலு மனிதருக்கு முன்னால் நின்று பேச வை. வேறொன்றும் வேண்டாம்" என்று மனதுக்குள் அழுதேன். கடைசி நாள், சூரியன் உதித்ததிலிருந்து பின்னேரம் கதை படித்து முடிகிறவரை, வாய் திறக்காமல் மௌனம் இருப்பதாகவும் நேர்ந்துகொண்டேன்.

"அது நல்ல நேர்த்திதான் கா. வீட்டில ஒரு நாளைக்கெண்டாலும் எங்களுக்கும் நிம்மதி" என்றார் அம்மா.

அந்த நேர்த்தியை நான் நாள் பார்த்துத்தான் வைத்தேன். கம்பஸில் பழைய மாணவர்களையும் நிறுவனத்துக்காரர்களையும் கூப்பிட்டு எங்களோடு பேசவைக்கிற சந்திப்பொன்று விரதத்தின் நான்காம் நாள் இருந்தது. இடம் கிடைக்காத எங்களுக்கு அதுதான் கடைசி வழி. மௌனமோ இருபத்தோராம் நாள். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பிடித்தது மழை. அடைமழை. எங்கள் பக்கத்து மாரியைத் தெரியாதா உங்களுக்கு! வாவி நிரம்பி, ரோட்டை மூடி, பஸ்ஸும் நின்றது. சந்திப்பைத் தள்ளி வைத்தார்கள். வெள்ளம் வடிந்தபிறகு புதிய திகதியை வட்ஸ்அப்பில் போட்டார்கள். பார்த்தால், விரதத்தின் கடைசி நாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் பாவம். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, "நான் வாய் கேட்டேன், நீ இருக்கிற வாயையும் பூட்டிவிட்டாயே! உனக்கு ஒரு நியாயம் வேண்டாமா?" என்று பிள்ளையாரோடு சண்டை பிடித்தேன். அம்மா பயந்துபோனார். "அண்டைக்கு நீ வாய் திறந்து கதை கா. அவர் ஒண்டும் சொல்லமாட்டார். அவருக்கு எல்லாம் தெரியும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. போகாமலே விடுவது என்று முடிவெடுத்துப் பஸ்மினாவுக்குச் சொன்னேன்.

"பைத்தியமா புள்ள உனக்கு?" என்று போனிலேயே கத்தினாள். "நேந்தா நேந்ததுதான். நோன்பு புடிச்சிட்டு நாங்க கம்பஸுக்கு வாறல்லயா? நீ வாயத் தொறக்க வாணாம். சும்மா வந்து நில்லு. உனக்கும் சேத்து நான் கதைக்கிறன்."

போனேன். கையில் 'வந்தாறுமூலை' என்று எழுதின துண்டு. பஸ் கொண்டக்டர் அதை வாசித்துவிட்டு, "பாவம், வாய் பேசாத புள்ள" என்று முன் சீற்றில் இருந்த ஒருவரை எழுப்பி எனக்கு இடம் தந்தார். இல்லை என்று சொல்லவும் வழியில்லை. வெட்கத்தோடு இருந்துகொண்டு போனேன்.

பஸ்மினா வாசலிலேயே ஒரு அட்டையை என் சட்டையில் குத்தினாள். 'இன்று மௌன விரதம். கேட்பேன், எழுதுவேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். வருகிறவர்களின் பெயரைப் பதிவதும் தேநீர் கொடுப்பதும்தான் என் வேலை.

அன்று ஒரு புதினம் நடந்தது. எனக்குப் பயம் வரவில்லை. என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று யோசிக்கத் தேவையே இல்லை அல்லவா? முதன்முதலாக, முன்னால் நிற்கிற மனிதர் சொல்வது என் காதில் விழுந்தது. அட்டையைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். நான் தலையை ஆட்ட ஆட்ட, அவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். மற்றப் பிள்ளைகள் தங்களுடைய திறமைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா நின்றேன். ஒருவர் மகளின் பள்ளிக்கூடச் சோதனையைப் பற்றிக் கவலைப்பட்டார். ராஜன் சேர் என்று ஒரு பழைய மாணவர், அறுவடை செய்த மரக்கறிகளைப் பழுதாகாமல் வைத்திருக்கும் வழிகளை ஆராயும் நிலையத்தில் வேலை செய்பவர், "பயிற்சிக்கு வாற பிள்ளைகள் நாங்கள் சொல்லி முடிக்கமுந்தி ஓம் ஓம் எண்டுவினம், பிறகு பிழை விடுவினம்" என்று குறைப்பட்டார். நிரோஜா அக்கா என்று இன்னொருவர் இலைவகை ஏற்றுமதி செய்யும் இடத்தில் பொறுப்பாளர். "மாரியில எங்களுக்கு வெத்திலைதான் பெரிய தலையிடி. பெட்டிக்குள்ள வச்சு ரெண்டாம் நாள் அவிஞ்சுபோகுது" என்றார்.

வெற்றிலை என்றதும் வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்புகிறபோது பதினொரு பேரின் பெயரும், நம்பரும், அவர்கள் சொன்னதும் என் கொப்பியில் இருந்தன.

பின்னேரம் கதை முடிய முந்திக் கோயிலுக்கு வந்துவிட்டேன். தீபம் காட்டினதும் வாய் திறந்து, "பிள்ளையாரே" என்றேன். வீட்டுக்கு வந்து, அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெற்றிலைக் கதை வந்ததும், ஒரு பக்கத்தில் இருந்த அப்பா மெல்ல, "மழைக்குள்ள புடுங்கின வெத்திலைய ஈரத்தோட அடுக்கினா அவியாம என்ன செய்யும்?" என்றார்.

வேறு நாளென்றால் கேட்டும் கேளாததுபோல் இருந்திருப்பேன். அன்று கொப்பியை எடுத்துக்கொண்டு அவருக்குக் கிட்டப் போய் இருந்தேன். மழை விட்டு எவ்வளவு நேரம் பொறுத்துப் பறிப்பது, நிழலில் எப்படிப் பரத்துவது, காம்பை எந்தப் பக்கம் வைத்து அடுக்குவது, வாழைச்சருகை எதற்கு வைப்பது என்று அப்பா சொல்லச் சொல்ல நான்கு பக்கம் எழுதினேன். நான்கு வருடம் விவசாயம் படித்தவள், சொந்த அப்பாவிடம் ஒரு பாடமும் கேட்டதில்லை!

மறுநாள் பாரணை செய்து விரதத்தை முடித்துப் பதினொரு பேருக்கும் எழுதினேன். இந்த முறை ஒரே கடிதம் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவர் சொன்னதைப் பற்றியே எழுதினேன். ஒருவரிடம் மகளின் சோதனை எப்படிப் போனது என்று கேட்டேன். நிரோஜா அக்காவுக்கு அப்பா சொன்னதை எழுதினேன். எனக்கு இடம் வேண்டும் என்பதைக் கடைசியில் ஒரு வரியில் போட்டேன். ஏழு பேர் பதில் போட்டார்கள். நம்புவீர்களா, ஏழு பேர்!

நிரோஜா அக்கா பதில் எழுதவில்லை, நேரே போன் எடுத்தார்.  "அந்த மௌன விரதப் புள்ளதானே? வாழைச்சருகு எதுக்கு எண்டு ஒருக்காச் சொல்லுங்க" என்றார். சொல்லத் தொடங்கினேன். கால் மணித்தியாலம் பேசியிருக்கிறேன். வைத்தபிறகுதான், நான் வெளியாள் ஒருவரோடு பேசினேன் என்பதே நினைவு வந்தது.

தை பிறந்ததும் நிரோஜா அக்கா எங்கள் தோட்டத்துக்கே வந்தார். அப்பாவோடு கொடிகளுக்குள் நின்று ஒரு பகல் முழுக்கக் கேட்டு எழுதினார். அப்பா சொன்னபடி அடுக்கின பெட்டிகள் பழுதாகாமல் போய்ச் சேர்ந்தன என்று சொல்லப் பிறகும் ஒருக்கா வந்தார். ஆனால் அவர்களின் இடத்தில் இந்த வருடம் பயிற்சிக்கு ஆள் எடுக்கவில்லை என்றார்.  தை முடிய இன்னும் பத்து நாள்தான்.

"அதுக்கேன் முகம் இப்பிடிப் போகுது? பொறுங்க கா" என்று சொல்லி, அங்கேயே நின்று ராஜன் சேருக்கு போன் எடுத்தார். நான் அவருக்கும் எழுதியிருந்தேன், பதில் வரவில்லை. இவர் விசயத்தைச் சொன்னதும் அவர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது: "ஓ, சொல்லி முடியும்வரைக்கும் கேட்டுக்கொண்டு நிண்ட பிள்ளையல்லோ? வரச் சொல்லுங்கோ."

தை முடிய நான்கு நாள் இருக்கையில் கடிதம் கையில் கிடைத்தது. மாசியில் பயிற்சிக்குப் போனேன். ஆறு மாதமும் முடித்து, என் பட்ச்சோடுதான் படிப்பை முடித்தேன். அந்த நிலையத்திலேயே இப்போது எனக்கு வேலை.

யோசித்துப் பார்க்கிறேன். நான் அழுது கேட்டது வாய். பிள்ளையார் முதலில் காதைத் தந்தார், அதற்குப் பின்னால் வாய் தானாக வந்தது. கேட்கிறதற்கு அவரைவிட ஆர்? அவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு இருப்பவர் அவர்தானே. நான் சண்டை பிடித்ததையும் கேட்டார், அதையும் மனதில் வைக்கவில்லை. என் அப்பனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

அந்தக் கொப்பியில் இப்போது அறுபதுக்கு மேல் பெயர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயில் வீதியில் பாய் போட்டு இருந்து, பெயர் பெயராக வாசித்து அவர்களுக்காகக் கும்பிடுகிறேன். ஜூனியர் பிள்ளைகள் கேட்டு வந்தால் அவர்களுக்கும் அதில் இருந்து பெயர் கொடுக்கிறேன். பஸ்மினா, "என்ட பேரயும் வாசிக்கிறதானே?" என்று இடைக்கிடை செக் பண்ணுவாள். வாசிக்காமல் விடுவேனா.

கம்பஸ் பிள்ளைகளே, அன்ரிமாரே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பதில் வராத போனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால், அதை இந்தக் கார்த்திகைக்கு எங்கள் பிள்ளையாரிடம் கூட்டி வாருங்கள். அவர் நேரத்தை மாற்றி வைத்தால், வழியைக் குழப்பினால், என்னைப்போல் கோபிக்கட்டும், பரவாயில்லை. ஆனால் நேர்ந்ததை விடாமல் இருக்கட்டும். பாய் போட என் பக்கத்தில் இடம் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிட்டேன். கடிதம் வந்த அன்று நேரே தோட்டத்துக்குத்தான் ஓடினேன். அப்பா கொடி கட்டிக்கொண்டு நின்றார். கடிதத்தை நீட்டி, "அப்பா, அண்டைக்கு உங்களுக்கு என்ன தெரியும் எண்டு கேட்டனே, அதுக்கு என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அப்பா கடிதத்தை வாங்கி, சேற்றுக் கை படாமல் ஓரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எண்டைக்குக் கா அப்பிடிச் சொன்ன? எனக்குக் கேக்கல்லையே" என்றார்.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.