நடாத வாசக்கால்

அந்த வேப்பமர வாசக்காலை நான் முதன்முதலில் பார்த்தபோது அது மாட்டுவண்டியில் படுத்திருந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், ராசிபுரத்தில் வாங்கி வந்திருந்தார். எழுபதுகளில் ஒரு தேர்தல் சமயம். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிற எல்லோருக்கும் பட்டா தருவோம் என்று ஆளுங்கட்சிக்காரர் மாரியம்மன் கோயில் முன்னால் மைக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புருஷனை இழந்து ஓலைக் குடிசையில் கிடந்த நங்கையாவுக்கு அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. "சுவர் வெச்ச ஊட்டுக்குள்ள ஒரு நாளாச்சும் குனியாம போகோணும்" என்பார். ஆனாலும் வாசக்காலை நடவில்லை. மஞ்சள் பூசிக் குடிசையோரம் சாய்த்து வைத்தார். "ஒருக்கா நட்டுட்டா புடுங்கக் கூடாது சாமி. பட்டா கைக்கு வரட்டும்" என்றார் என்னிடம்.

ஐந்தாவது வரை படித்தவள் என்று மனுவை என்னைத்தான் எழுதச் சொன்னார். பட்டியலில் பேர் ஏறியது. பட்டா வருவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. பட்டா எங்கே என்று எங்களுக்காக மேடையில் கத்தியவர்கள்தான் ஆட்சிக்கு வந்தார்கள். நங்கையாவோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். "அது அவிய காலத்து லிஸ்டுங்கம்மா, புதுசா எழுதிக் குடுங்க" என்றார் குமாஸ்தா. ஆளும் அதே ஆள், குடிசையும் அதே குடிசை, அப்புறம் எதற்கு வேறு பட்டியல் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. வராந்தாவில் உட்கார்ந்து மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

எண்பதுகளில் ஒரு தேர்தலுக்கு, அன்று கோயில் முன்னால் மைக்கில் பேசி, இப்போது எதிர்க்கட்சியாகிவிட்ட அந்தப் பழையவர் குடிசைக்கு வந்தார். வாசக்காலைத் தட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, இவிய இன்னும் பட்டா குடுக்கலீங்களா?" என்றார்.

"நீங்க இருந்தப்பவே குடுத்திருந்தா, உங்கள இப்பிடி வெயில்ல நிக்க வெச்சிருப்பனுங்களா? உள்ள உக்கார வெச்சுக் காப்பி குடுத்திருப்பனுங்க" என்றார் நங்கையா.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, இந்த முறை என் பொறுப்பு என்று சொல்லிப் போனார். அன்றைக்கே நங்கையா வாசக்காலுக்குப் புதிதாக மஞ்சள் குழைத்தார். நம்புகிறீர்களா என்று கேட்டேன். "நம்பாம வேற என்ன பண்றது சாமி" என்றார்.

அவரும் ஜெயித்தார். பட்டியலும் புதிதாகப் போட்டார்கள். நங்கையா கடைசியில் அந்தக் குடிசையிலேயே போய்ச் சேர்ந்தார். எடுத்துப் போக வந்தவர்கள் குனிந்துதான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

வாசக்கால் இப்போது என் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்திருக்கிறது. வேம்பு என்பதால் செல்லரிக்கவில்லை. போன தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து ஆளுக்கொரு காலில் தங்கள் நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் கிழிக்கவில்லை. நங்கையாவுக்குப் பிறகு நான் பூசிவந்த மஞ்சளையும் விட்டுவிட்டேன்.