திரையில் ஆடாத குழாய்

போர்வெல் ரிக் ஓட்டும் திருச்செங்கோட்டுக்காரர் அவர். வயிற்றில் பெருந்தமனி வீங்கியிருந்தது. அதில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கணினியில் மாதிரி செய்து பார்ப்பது என் வேலை. 'உடனடி ஆபத்தில்லை' என்று அறிக்கை எழுதிவிட்டு, பெருமையாக அவருக்குத் திரையைக் காட்டினேன்.

"ஏனுங்க, குழாய் ஆடவே மாட்டேங்குதுங்களே? கம்ப்ரசர் காத்து உட்டா எங்க ரப்பர் ஓஸ் பைப்பே துள்ளுமுங்க."

"கணக்கு சுலபமா இருக்கட்டும்னு ஆடாம வெச்சிருக்கேங்க."

அவர் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். உள்ளங்கையை முட்டி முட்டித் துள்ளியது. ஒரு வாரமாகத் திரையில் பார்த்த தமனியை அன்றுதான் தொட்டேன்.

"அப்ப நான் ரிக்குக்குப் போலாமுங்களா, சாமி?"

ஆடாத குழாயை வைத்துப் போட்ட என் கணக்கு சரியா தவறா என்று எனக்கே குழப்பமாக இருந்தது. அறிக்கையை டாக்டரிடம் கொடுக்கவும் துணிவில்லை, கிழிக்கவும் மனமில்லை. அவர் வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே நின்றேன்.