தலைவர் பூட்டி வைத்த ரேடியோ

பஞ்சாயத்துத் தலைவர் செத்துப்போனார் என்று ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். சொட்டு வருத்தம்கூட வரவில்லை. ரேடியோவின் குமிழைத் திருகும் அவருடைய தடித்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

மீமிசலுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கடற்கரை ஊருக்கு அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் அந்த ரேடியோவைக் கொடுத்தது. பஞ்சாயத்து ஆபீசில் மரப்பெட்டிக்குள் இருக்கும்; சாவி தலைவரின் இடுப்பில். பகலில் தனியாகக் கேட்பார். சாயங்காலம்தான் எங்களுக்குத் திறப்பார். திருச்சி நிலையத்தில் நீளநீளமாகக் கச்சேரி வைப்பார்கள். எங்கள் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். கிராம நிகழ்ச்சிக்கு முன்னால் கடல் எச்சரிக்கை வாசிப்பார்கள். அப்போது மட்டும் ஒரு குழந்தை சிணுங்கினாலும் அதட்டுவார்கள். எச்சரிக்கை வந்தால் மறுநாள் எங்கள் மீன்பிடி வத்தைப் படகு எதுவும் கடலில் இறங்காது. ஒன்றும் சொல்லாவிட்டால் கடல் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். ஊர் அப்படியே பழகிவிட்டது.

பிறகு நிலையத்தில் நிகழ்ச்சிகளை மாற்றினார்கள். கச்சேரி குறைந்தது, பேச்சும் நாடகமும் கூடின, எச்சரிக்கை கிராம நிகழ்ச்சிக்குப் பின்னால் போனது. இதைப் பகலிலேயே பல தடவை அறிவித்தார்கள் என்று பின்னால் மீமிசல் டீக்கடையில் தெரிந்துகொண்டோம். எங்கள் ஊரில் அதைக் கேட்டவர் தலைவர் ஒருவர்தான். எங்களிடம் மூச்சு விடவில்லை. அவர் கருவாட்டு வியாபாரி. வத்தை இறங்காத நாள் அவருக்கு நஷ்டம். கிராம நிகழ்ச்சி முடிந்ததும், "போதும்ப்பா, இனிமே பாட்டுக் கேப்போம்" என்று சிலோன் நிலையத்துக்குத் திருப்பிவிடுவார். சினிமாப் பாட்டு என்றதும் ஊரே பல்லை இளித்தது. என் அண்ணனும்தான். அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அவன் சம்பாத்தியம்தான் சோறு.

அந்த ஐப்பசியில் ஒருநாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வத்தையைத் தள்ளிக்கொண்டு போனான். மத்தியானம் காற்று பேயாய் அடித்தது. ஆத்தாவும் நானும் கரைக்கு ஓடினோம். தலைவரின் இரண்டு வத்தைகளும் பனைமரத்தடிக்கு ஏற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. முந்தின நாள் பகல் எச்சரிக்கையைத் தனியாகக் கேட்டிருப்பார்; சாயங்காலமே ஏற்றிவிட்டாராம்.

ஆத்தா அவர் முன்னால் போய் நின்றாள். "ஒங்க வத்தைய மட்டும் ஏன் மேல ஏத்துனீங்க?"

"பழுது பாக்கணும். நான் யாரையும் கடலுக்குப் போகச் சொல்லலையே."

"ரெண்டும் ஒரே நாள்லயா பழுதாச்சு?"

அவர் அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். சுற்றி நின்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். மீனை அவரிடம்தானே போட வேண்டும்! அவர்கள் மேலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அண்ணனின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

காரியம் முடிந்த அன்றைக்கே ரேடியோ வழக்கம்போலப் பாடப் போகிறது என்று ஜனங்கள் கூடியிருந்தார்கள். டீக்கடைச் சேதி அதற்குள் காதுக்கு எட்டியிருந்த ஆத்தாவும் போனாள். கிராம நிகழ்ச்சி முடிந்ததும் தலைவர் கையை நீட்டினார். ஆத்தா குமிழைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடும்மா, பாட்டுப் போடணும்."

"அது சொல்லட்டும். கேட்டுட்டுப் போறேன்."

எச்சரிக்கை வந்தது. ஆத்தா முழுதும் கேட்டாள். பிறகு, குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டுச்சுல்ல? நாளைக்கு ஒங்க வீட்டு ஆம்பளைய யாரும் அனுப்பாதீங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் போனாள். எங்கள் வீட்டில் அனுப்புவதற்கு யாரும் இல்லை.