ஆறு தொட்டித் தண்ணீர்

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு எதிர்ச்சாரியில் நஜ்முதீன் ஒரு கடை வைத்திருந்தார். முன்பக்கம் பறவைக் கூண்டுகள், பின்பக்கம் மீன்தொட்டிகள். கிளியோ புறாவோ வாங்க வருகிறவர்கள் தெருவில் நின்றே பேரம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். மீன் வாங்குகிறவர்கள்தான் உள்ளே வருவார்கள். சுவரோரமாக இரும்புச் சட்டம் போட்ட ஆறு கண்ணாடித் தொட்டிகள். சிங்கப்பூரிலிருந்து தகர டின்களில் ரயிலேறி வந்த சீனத்துத் தங்கமீன்கள் அவற்றில் இருந்தன. அந்த ஆறு தொட்டித் தண்ணீரும் பவுனம்மாளின் பொறுப்பு.

அவள் அங்கே வேலைக்கு வந்தது 1929இல். கணவர் ரெங்கசாமி தண்டவாள வேலைக் கூட்டத்தில் இருந்தவர். மலைக்காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து இறந்துபோனார். வேலையாட்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளை குட்டி கிடையாது. கூண்டு கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, முப்பத்திரண்டு வயதில் நஜ்முதீன் கடை வாசலில் வந்து நின்றாள்.

வந்த இரண்டாவது வாரம் ஒரு தொட்டி கலங்கிக் கிடப்பதைப் பார்த்து, பழைய தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுப் பைப்பிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பினாள். மத்தியானத்துக்குள் பதினோரு மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன. வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். நஜ்முதீன் திட்டவில்லை.

"எனக்கும் ரெண்டு தடவ இப்படி ஆச்சு, பவுனு. ஏன் சாவுதுன்னு எனக்கே விளங்கல" என்றார்.

அவருக்கு விளங்காததை அவள் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பைப்புத் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும். மண் மொடாவில் ஊற்றி இரண்டு நாள் விட்டால் அந்த வாடை போய்விடும். அதில் பாதியும் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் பாதியும் கலந்து, தொட்டியில் நாலில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. காலையில் வந்ததும் ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டுப் பார்ப்பாள். வழுவழுவென்று இருந்தால் தீனி அதிகமாகிவிட்டது. மேலே நுரை கட்டி, ஊதினாலும் உடையாமல் நின்றால் அடியில் ஏதோ அழுகுகிறது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் நேரம் அதிகம் இல்லை. சில சமயம் ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்புவதும் உண்டு. அதைப் பார்த்து முகம் சுளித்த வாடிக்கையாளர்களே பிறகு, "அந்த அம்மா எடுத்துக் கொடுத்தா வாங்குறேன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஐந்து வருஷத்தில் அவள் கையில் மீன் செத்தது மிகக் குறைவு.

1934 பங்குனியில் அந்தப் பக்கம் அதே மலைக்காய்ச்சல் பரவியது. ஒரே வரிசையில் நாலு வீட்டில் ஆள் விழுந்தார்கள். ஒரு குழந்தையும் செத்தது. கொசு ஒழிப்பு ஆட்கள் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு கொல்லை கொல்லையாக வந்தார்கள். அவர்களுக்கு மேலாளாக ஜெயராஜ் என்ற தமிழர், கையில் நோட்டோடு வந்தார்.

நஜ்முதீன் அன்று கிள்ளானுக்குப் புறா வாங்கப் போயிருந்தார். கொல்லையில் வரிசையாக நின்ற எட்டு மொடாக்களையும் ஜெயராஜ் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இவ்வளவு தண்ணிய ஏன் தேக்கி வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் கவுத்துடணும்."

"ஐயா, இது மீனுக்கு. ரெண்டு நாள் கிடந்தாத்தான் வாடை போவும். வாடை போனதும் ஒவ்வொரு மொடாவுலயும் ரெண்டு பொடிமீன் விட்டுடுவேன், பாருங்க. கொசுப் புழு வச்சா அதுங்க தின்னுடும். ஒரு புழு இருந்தா காட்டுங்க, நானே ஒடைக்கிறேன்."

ஜெயராஜ் ஒரு மொடாவில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். புழு இல்லை. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"நீங்க சொல்றது நெசந்தான். ஆனா நோட்டுல மீன் விட்ட மொடான்னு ஒண்ணு கிடையாதுக்கா. மூடாம தேங்கின தண்ணின்னுதான் இருக்கு. உங்கள விட்டா பக்கத்து வீட்டுக்காரன் என்னைக் கேப்பான்."

"மூடி போட்டா விடுவீங்களா?"

"வலை அடிச்ச தகர மூடி, அளவெடுத்து செய்யணும். அதுக்கும் ஆபீசுல எழுதி வாங்கணும். மொதலாளிய மனு போடச் சொல்லுங்க."

இன்னும் வாதாடியிருப்பாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தையைப் பறிகொடுத்த வீட்டின் பாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ரெங்கசாமி பல் கிட்டிக்க நடுங்கியபடி போர்வை கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. இந்த ஆட்கள் அன்றைக்கே வந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. பொடிமீன்களைச் சிரட்டையால் வாரி எடுத்துக்கொண்டு விலகி நின்றாள். மொடாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். பிறகு கிணற்றில் எண்ணெய் ஊற்றினார்கள். அனுமதி வரும்வரை, மீன் இருக்கும் கண்ணாடித் தொட்டி தவிர வேறெதிலும் தண்ணீர் ராத்தங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நஜ்முதீன் வந்ததும் மறுநாளே மனு எழுதிக் கொடுத்தார். பதில் வரும் என்றார்கள்.

பதில் வரும்வரை தொட்டிகளுக்கு என்ன ஊற்றுவது? மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தது. கிணற்றில் குடத்தை ஆழ அமிழ்த்தி மொண்டாலும் மேலே வரும்போது மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்பில் குடத்தோடு பங்சார் ரப்பர் தோட்டத்து லயத்துக்கு நடந்தாள். அங்கே கிணற்றடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"இங்கயும் ஊத்திட்டாங்கடி. எங்களுக்கே குடிக்க பைப்புதான்."

ஆற்றுத் தண்ணீர் ஈயச் சுரங்க மண்ணில் பால்காப்பி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் பைப்புத் தண்ணீரையே தேநீர் ஆற்றுவது போல ஆற்றத் தொடங்கினாள். ஒரு குடத்திலிருந்து தலைக்கு மேல் தூக்கி இன்னொரு குடத்தில் ஊற்றுவாள். நூறு தடவை, நூற்றைம்பது தடவை. வாடை குறைந்தது. அதில் விட்ட பொடிமீன் பிழைத்தது. ஆனால் நாள் முழுக்க ஆற்றினாலும் கிடைத்தது மூன்று குடம். ஆறு தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? நஜ்முதீனும் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றினார். இரண்டாம் நாள் தோள் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

தீனியை நிறுத்தினாள். எந்தத் தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்று அவளால் சொல்ல முடிந்தது. அதுதான் பெரிய துன்பமாக இருந்தது. "மூணாவது தொட்டி நாளைக்கு" என்றாள். மறுநாள் அது போயிற்று. ஐந்தாவதைச் சொன்னாள். அதுவும் சொன்னபடியே நடந்தது.

"சொல்லாத பவுனு. நீ சொல்றதக் கேக்கவே பயமா இருக்கு" என்றார் நஜ்முதீன்.

அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. விரலை விட்டுப் பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. செத்தவற்றை வாழையிலையில் மடித்துக் கொல்லையில் புதைத்தாள். மிஞ்சிய ஒன்பது மீனையும் ஒரே தொட்டிக்கு மாற்றி, ஆற்றிய தண்ணீர் முழுவதையும் அதற்கே ஊற்றினாள்.

இருபத்திரண்டாம் நாள் ஜெயராஜே காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வலை மூடி போட்டு மொடா வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. உள்ளே எட்டிப் பார்த்தவர், காலித் தொட்டிகளைக் கண்டு தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, நான் ரெண்டு தடவ போய்க் கேட்டேன்."

"தெரியும் ஐயா. காய்ச்சல் எப்படி இருக்கு?"

"கொறஞ்சிடுச்சி. இந்த வாரம் புதுசா யாருமில்ல."

"அது போதும்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். ஆனாலும் அவர் போனபின் கொல்லைப்பக்கம் போய், கவிழ்ந்து கிடந்த மொடாக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள்.

நஜ்முதீன் மீன் வியாபாரத்தை விட்டுவிட்டார். இனி பறவை மட்டும் போதும் என்றார். ஒன்பது மீனையும் ஒரு தொட்டியையும் ஹைஸ்திரீட்டில் இருந்த சீனப் பல் வைத்தியர் வாங்கிக்கொண்டார். பவுனம்மாளே கூடப் போய்த் தொட்டியை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவள் அந்த வழியாகத் திரும்பினாள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தொட்டி பளிச்சென்று தெரிந்தது. அடியில் வண்ணக் கூழாங்கல் போட்டிருந்தார்கள். ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. அவள் உள்ளே போய் நுரையைக் காட்டினாள். தனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையில் தண்ணீர் நல்லதில்லை என்று சொல்லப் பார்த்தாள். கையை ஆட்டி ஆற்றிக் காட்டினாள்.

பல் வைத்தியர் நல்ல மனுஷர். நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவர் காத்திருந்தும், எழுந்து வந்து தொட்டியைப் பார்த்தார். மீன்கள் அழகாக இருப்பதாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் போலும். சிரித்துத் தலையாட்டினார்.

"யா, யா. சந்தே" என்றார். அழகு என்று அர்த்தம்.

இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் இன்னும் அன்பாகச் சிரித்து, கதவைத் திறந்து பிடித்தார். பவுனம்மாள் வெயிலில் இறங்கிக் கடையை நோக்கி நடந்தாள். கிளிக்கூண்டுகளை இன்னும் கழுவவில்லை.