விசில் வராத டர்போ

என் காரின் டர்போ செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னபோது ஒருவர்கூட நம்பவில்லை. வாங்கிய நாளிலிருந்து, மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மெல்லிசாக ஒரு விசில் வரும். டர்போ காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த டீசல் வண்டியில் எனக்குப் பிடித்ததே அந்தச் சத்தம்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இந்த வருஷம் அடியோடு நின்றுபோனது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பட்டறை போட்டிருப்பவர். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, டர்போல ஒரு கோளாறும் இல்ல" என்றார். எனக்கு வந்ததே கோபம். யாருக்குக் காதில் பூச்சுற்றுகிறார்? நான் சாமளாபுரத்தில் விசைத்தறிக் குடோனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். வரிசையாகத் தறிகள் ஓடும்போது எந்தத் தறி மக்கர் பண்ணுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்று நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். கம்பரசர் மூச்சு வாங்கினால் ஆபீஸ் ரூமிலிருந்தே எழுந்து போவேன். என் காதை நம்பித்தான் இத்தனை மெஷினும் ஓடியிருக்கிறது.

போதாக்குறைக்கு என் மனைவி வேறு. "ஏனுங்க, பேசாம ஒரு டிரைவரப் போட்டுக்கலாமுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். பல்லடம் ரோட்டில் பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனானாம், நான் வழியே விடவில்லையாம். அவன் ஆரன் அடிக்கவே இல்லை. அடித்தால் விடமாட்டேனா? அவள் சொன்னதும் எனக்கு வைராக்கியமாகிவிட்டது. கெட்டுப்போனது டர்போதான், நானில்லை என்று காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சாவியை எவனோ ஒரு டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் பொம்மை மாதிரி உட்கார வேண்டியதுதான்.

டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று காட்ட பூஸ்ட் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதை வாங்க நானும் மனைவியும் கோயம்புத்தூர் போனோம். கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று முள் வைத்தது; எஞ்சினிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று நேராக மீட்டருக்கு வரும், காற்றே முள்ளைத் தள்ளும். இன்னொன்று டிஜிட்டல், எஞ்சினில் சென்சார், அங்கிருந்து ஒயர், முகப்பில் நீல எழுத்தில் நம்பர்.

"டிஜிட்டலே எடுத்துக்குங்கண்ணா. டியூப் வெடிக்கும், சூட்டுல எளகும்கிற கவலையே இல்லீங்க. அளவு தாண்டுச்சுன்னா பீப் அடிச்சுச் சொல்லிரும்" என்று சொல்லி, சென்சாரில் ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்றடித்துக் காட்டினார். நம்பர் ஏறியது. பீப்பும் இல்லை, கீப்பும் இல்லை.

"அடிக்கலியே" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். இன்னொரு பீஸைப் பிரித்து, அதையும் பம்படித்துக் காட்டினார். அதுவும் ஊமைதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்குத்தானுங்க நான் டிஜிட்டல நம்பறதில்ல. எங்க கம்பெனில அயர்னிங் செக்ஷன் பாய்லருக்கு ரெண்டு மீட்டரும் இருக்குதுங்க. கரண்ட் போனா டிஜிட்டல் கண்ண மூடிக்கும். உள்ள ஸ்டீம் அப்படியேதான் நிக்கும். முள்ளுதான் அப்பவும் நெசத்தச் சொல்லும். எனக்கு முள்ளு வெச்சதே குடுங்க" என்றேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வழக்கமாக எதை வாங்கினாலும் ஒரு வார்த்தையாவது சொல்லும் என் மனைவி, அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மெக்கானிக் மீட்டரை மாட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் ஒரு வளைகாப்பு, நானும் மனைவியும் கிளம்பினோம். காங்கயம் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. அழுத்தினேன். முள் விறுவிறுவென்று ஏறி, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. காலை எடுத்தேன், இறங்கியது. மறுபடி அழுத்தினேன், அதே இடம். டர்போ கல் மாதிரி இருந்தது. ஆனால் விசில் மட்டும் இல்லை. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் வண்டி ஓட்டும்போது யாரும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டு ஓரிரு வருஷம் இருக்கும்.

வெள்ளகோவிலுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. டம்ளரை வாங்கிக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றோம்.

"இந்த முள்ளும் கோளாறு போலிருக்குது" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "மீட்டரும் நல்லாருக்குது, டர்போவும் நல்லாருக்குதுங்க" என்றாள். "விசில் வருது. வழி நெடுக எனக்குக் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கலியே?"

"கடையில பீப்பும்தான் அடிச்சுது. ரெண்டு பீஸும் அடிச்சுதுங்க."

"என்ன பேசற நீ? காது கேக்காதவன்தான் இப்ப உனக்குப் பதில் சொல்லிட்டு நிக்கறனா?"

அவள் கையை நீட்டி டீ மாஸ்டரைக் காட்டினாள். பாய்லர் பக்கத்தில் நின்று அவர் எங்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இவ்வளவு நேரமும் சத்தமே போடலீங்க" என்றாள். "வாய மட்டுந்தான் அசைச்சேன்."

தறிக்குடோனில் யாரும் கத்திப் பேசுவதில்லை. கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அவளும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். சின்ன வயதில் வந்த பழக்கம் எனக்குள் எப்போதோ முழு நேர வேலைக்கு வந்திருக்கிறது. அது எனக்கே தெரியவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டும்போது யார் உதட்டையும் பார்க்க முடியாது. அதற்குத்தான் அந்தச் சட்டம். டீ மாஸ்டருக்கோ, ஒரு பெண் வாயை அசைக்க, ஒருவன் காற்றோடு சண்டை போடுவதாகத் தெரிந்திருக்கும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீயைக் கீழே கொட்டிவிட்டுச் சாவியை அவள் பக்கம் நீட்டினேன்.

"எனக்கெதுக்கு? எனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று சாவியைத் திருப்பி என் சட்டைப்பையில் போட்டாள். "இன்னிக்கு நீங்களே ஓட்டுங்க. ஆரன் கேட்டா நான் சொல்றேன். நாளைக்குக் காது டாக்டர்கிட்டப் போறோம்."

கார் கதவைத் திறக்கும்போது என்னைத் திருப்பி நிறுத்தி, "காது மிஷின் எல்லாம் டிஜிட்டல்தானுங்க. முள்ளு வெச்சது கேட்டு அங்க மானத்த வாங்கிப்போடாதீங்க" என்றாள். சிரித்துவிட்டேன்.

ரோட்டுக்கு ஏறியதும் மூன்றாவது கியரில் போட்டு அழுத்தினேன். முள் ஏறியது. அவள் என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஒரு தட்டு. அவள் மீட்டரைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெள்ளகோவில் வரைக்கும் என் டர்போ ஒரு விசிலைக்கூடத் தவறவிடவில்லை.